விளக்கின் நெற்றியில் வைத்த பொட்டு

சென்ற ஆயுத பூஜைக்கு என் மகன் சேவியர் ஒரு படம் அனுப்பினான். வடக்கே மலையைக் குடைந்து ரயில் பாதை போடும் கம்பெனி ஒன்றில் அவன் சர்வேயர். சுரங்க வாசலில் ஒரு மேசை. மேசையில் வாழையிலை, பொரி, பழம், வெட்டிய பூசணிக்காய். பின்னால் மஞ்சள் நிறத் தலைக்கவசங்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு கவசத்திலும் ஒரு விளக்கு. ஒவ்வொரு விளக்கிலும் சந்தனமும் குங்குமமும். அங்கே வேலை செய்யும் நம் ஊர்ப்பக்கத்து ஆட்கள் செய்த பூஜை என்று எழுதியிருந்தான்.

அழகான படம்தான். ஆனால் அந்தப் பொட்டுகளில்தான் என் கண் நின்றது. இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பொட்டு சரியாக எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியவில்லை. பெரிதாக்கப் பெரிதாக்க மங்கலாகிக்கொண்டே போனது.

நான் வேலை பார்த்த அரசு அலுவலகத்தில் இப்போது இருக்கும் பிள்ளைகள், பழைய விளக்கு அறையைப் பற்றி எழுதித் தரும்படி கொஞ்ச நாளாகவே கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த அறையை இடித்து இருசக்கர வண்டி நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள். இடிக்கும்போது சுவரில் பித்தளைக் குமிழ்கள் வரிசையாக இருந்தனவாம். எதற்கென்று யாருக்கும் தெரியவில்லை. எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று தள்ளிப்போட்டு வந்தேன். இந்தப் படம் வந்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் அப்பா அங்கே ஜீப் ஓட்டுநர். பணியில் இருக்கும்போதே மஞ்சள் காமாலையில் இறந்தார். வாரிசு அடிப்படையில் எண்பதுகளின் நடுவில் எனக்கு வேலை கிடைத்தது. வீடு திண்டிவனத்தில், அலுவலகம் விழுப்புரத்தில். தினமும் ரயிலில் போய் வருவேன். விவசாயிகளின் கிணறுகளை ஆழப்படுத்தித் தருவது எங்கள் பிரிவின் வேலை. பாறையில் குழி போட்டு, வெடிமருந்துத் தோட்டா வைத்து வெடிப்பார்கள். அடியில் எந்தப் பக்கம் நீர்க்கசிவு தெரிகிறதோ அந்தப் பக்கமாக, ஓர் ஆள் குனிந்து போகும் அளவுக்குப் பாறையைக் குடைவார்கள். அந்தக் குடைவுக்குள் நண்பகலிலும் வெயில் எட்டாது. அதற்காக, சுரங்கத் தொழிலாளர்கள் அணியும் விளக்குகள் எங்களிடம் இருந்தன. பேட்டரி இடுப்பில் தொங்கும், விளக்கு தலைக்கவசத்தில் மாட்டியிருக்கும், நடுவே முதுகு வழியாக ஒரு கறுப்பு வயர்.

எனக்குத் தட்டச்சு தெரியும். ஆனாலும் விளக்கு அறையில் போட்டார்கள். ஆசிட் வேலைக்கு வேறு யாரும் வரவில்லை. திண்டிவனத்தில் லாரி பேட்டரிக் கடை ஒன்றில் ஒரு மாதம் பழகினேன். ஆசிட்டில் தண்ணீர் ஊற்றக் கூடாது, தண்ணீரில்தான் ஆசிட் ஊற்ற வேண்டும் என்பதையும், நல்ல புடவை கட்டிக்கொண்டு வரக் கூடாது என்பதையும் அங்கே கற்றேன். மற்றதெல்லாம் தரணேந்திரன் சாரிடம்.

அவர்தான் விளக்கு அறையின் மேற்பார்வையாளர். செஞ்சிப் பக்கத்து ஜைனர். சூரியன் மறைந்த பிறகு சாப்பிட மாட்டார். அதனால் எங்கள் அறையின் நேரம் முழுக்க அவருடைய சாப்பாட்டை ஒட்டியே அமைந்திருந்தது. ஆட்கள் வேலை முடிந்து விளக்குகளைத் திருப்பித் தருவார்கள். அவர் ஒவ்வொன்றையும் துடைத்து, அதற்குரிய எண்ணுள்ள குமிழில் மாட்டி, மின்சாரம் கொடுத்துவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே டிபன் பாக்ஸைத் திறப்பார். விளக்குகள் சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் அவர் சாப்பிடுவார் என்று ஆட்கள் கேலி செய்வார்கள். அவர் மறுத்ததில்லை.

விளக்கின் முகத்தில், கண்ணாடிக்கு மேலே, ஒரு பித்தளைப் புள்ளி இருக்கும். சுவரில் உள்ள குமிழில் அந்தப் புள்ளி அழுந்தும்படி விளக்கை மாட்டித் திருப்ப வேண்டும். அந்த வழியாகத்தான் பேட்டரிக்கு மின்சாரம் ஏறும். ஆகவே புள்ளியைத் தினமும் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். வாரம் ஒரு முறை பேட்டரியின் மூடியைக் கழற்றி, டிஸ்டில்டு வாட்டர் விட்டு, ஆசிட்டின் அடர்த்தியைப் பார்க்க வேண்டும். முறை வைத்து ஒரு விளக்கை எடுத்து, அலமாரியில் எரியவிட்டு, அது சிவந்து அணையும் வரை எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று கவனிக்க வேண்டும். தாங்கும் நேரம் ஒரு வேலைநாளுக்குக் குறைந்துவிட்டால் அந்தப் பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்று பொருள். அதைக் கழித்துவிடுவோம்.

சேர்ந்த புதிதில் ஒரு காலை, விளக்குகளைக் கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். சார் பின்னால் வந்து நின்றார்.

"என்னம்மா பாக்குற?"

"எல்லாம் நல்லா எரியுது சார்."

"எரியும். பாதி வயிறா இருந்தாலும் முதல்ல பளிச்சுனுதான் எரியும். முதல் நிமிஷத்து வெளிச்சத்துல ஒண்ணும் தெரியாது. சூடு பாத்தியா?"

உள்ளங்கையை பேட்டரிப் பெட்டியின் முதுகில் வைத்துக் காட்டினார். இரவெல்லாம் மின்சாரம் ஏறியிருந்தால் காலையில் இளஞ்சூடாக இருக்கும். குளிர்ந்திருந்தால் ஏதோ கோளாறு. கண்ணுக்குத் தெரியாதது கைக்குத் தெரிந்தது. அவர் யாரையும் அதட்டியதில்லை, பாராட்டியதும் இல்லை. நான் செய்தது சரியாக இருந்தால் அடுத்த விளக்கை எடுப்பார். தவறாக இருந்தால் அதே விளக்கைத் திரும்ப என் முன்னால் வைப்பார். அவ்வளவுதான்.

வெடி வைக்கும் ஆட்களில் மூத்தவர் பலராமன். ஒவ்வொருவருக்கும் ஒரு விளக்கு, அதே எண், வேறு யாரும் தொடக் கூடாது என்பது வழக்கம். அவர் தன் விளக்கை எசமானி என்பார்.

"இன்னா ஸ்டெல்லாம்மா, எசமானிக்கு வயிறு ரொம்பிச்சா?"

"ரொம்பிச்சு, போய்ட்டு வாங்க."

"நீ சொல்லிட்டா போதும். எம் பொண்டாட்டி சொன்னாகூட நான் நம்பறதில்ல."

தினமும் இதே பேச்சு. தினமும் அவரே சிரிப்பார்.

ஒரு வருடம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள், விழுப்புரத்தை அடுத்த காணைக்குப் பக்கத்தில் ஒரு கிணற்றில் அவருக்கு வேலை. குடைவுக்குள் வரிசையாகக் குழி போட்டு, தோட்டா இறக்கி, திரிகளைக் கொளுத்திவிட்டு மேலே ஏறி வந்து வெடிச் சத்தத்தை எண்ணியிருக்கிறார். ஒன்று குறைந்தது. வெடிக்காத குழி ஒன்று உள்ளே இருக்கிறது. உடனே இறங்கக் கூடாது என்பது விதி. காத்திருந்தார். அதற்குள் நேரமாகிவிட்டது. கிணற்றைச் சுற்றிக் கயிறு கட்டி, விடுமுறை முடிந்து வந்து பார்க்கிறேன், அதுவரை யாரும் இறங்க வேண்டாம் என்று கிணற்றுக்காரரிடம் சொல்லிவிட்டு விழுப்புரம் திரும்பினார். இவையெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

மறுநாள் விடுமுறை என்பதால் அலுவலகத்தில் அன்று மாலையே பூஜை. பூஜை என்பது வெடி ஆட்களின் பொறுப்பு. தரணேந்திரன் சார் ஜைனர், நான் கிறிஸ்தவப் பெண். வருடாவருடம் இருவரும் விளக்குகளைத் துடைத்து, மின்சாரம் ஏற்றி, வரிசையாக அடுக்கிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வோம். எங்கே பொட்டு வைக்க வேண்டும், எப்படிக் கும்பிட வேண்டும் என்றெல்லாம் நாங்கள் வாய் திறந்ததில்லை. அது மரியாதை என்று நினைத்தோம். அன்று சார் விடுப்பெடுத்து நண்பகலிலேயே ஊருக்குப் போய்விட்டார். நான் பொரி வாங்கிக்கொண்டு ரயிலுக்குக் கிளம்பிவிட்டேன். பலராமன் கடைசியாக வந்து, ஒரு நாள் முழுக்க எரிந்து தீர்ந்த தன் விளக்கைத் துடைத்து, மற்றவற்றோடு வரிசையில் வைத்திருக்கிறார்.

மற்றவர்கள் எல்லாரும் பொட்டைப் பேட்டரிப் பெட்டியில் வைத்தார்கள். அது அகலமாக, வாகாக இருக்கும். பலராமன் மட்டும் அப்படி வைக்கவில்லை. "இடுப்புலயா பொட்டு வைப்பாங்க? நெத்தியிலதான்டா வைக்கணும்" என்று சொல்லி, விளக்கின் முகத்தில், கண்ணாடிக்கு மேலே, சந்தனத்தைக் குழைத்து அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருக்கிறார். பித்தளைப் புள்ளி அதற்குள் போய்விட்டது.

பூஜையில் வைத்ததை விடுமுறை முடியும்வரை தொடக் கூடாது. வைத்த பொட்டை நாமாகத் துடைக்கவும் கூடாது, அதுவாக உதிர வேண்டும். இதுவும் அவர்கள் வழக்கம்.

விடுமுறை முடிந்த அன்று நான் முதல் ரயிலில் வந்தேன். எல்லா விளக்குகளும் பூஜைக்கு முன்பே நிரம்பியவை என்பதால் கொடுப்பதற்கு முன் சிறிது நேரம் மட்டும் மின்சாரத்தில் போட்டால் போதும். எல்லாவற்றிலும் பொட்டு இருந்ததால் எது எங்கே என்று பார்க்காமல் அப்படியே மாட்டினேன். எடுக்கும்போது கை வைத்தும் பார்த்தேன். நிரம்பிய பேட்டரி அதிகம் இழுக்காது, சூடாகவும் ஆகாது. அன்று எல்லாமே கிட்டத்தட்டக் குளிர்ந்துதான் இருந்தன. பலராமனுடையதும் அப்படியே. போட்டால் பளிச்சென்று எரிந்தது. வழக்கம்போல வயிறு ரொம்பிச்சா என்று கேட்டார், ரொம்பிச்சு என்றேன். போனார்.

ஆட்கள் போன பிறகு சுவரைத் துடைக்கத் தொடங்கினேன். பலராமனுடைய குமிழில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். காய்ந்த சந்தனம், ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு. அப்போதும் எனக்கு முழுதாக உறைக்கவில்லை. நிரம்பிய விளக்குதானே, ஒரு காலை ஏறாவிட்டால் என்ன என்றுதான் நினைத்தேன்.

அந்த நேரத்தில் தரணேந்திரன் சார் ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, பையோடு நேராக அறைக்குள் வந்தார். குமிழைக் காட்டினேன்.

"யாருடையது?"

"பலராமனோடது சார்."

வாசலில் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்த ஓட்டுநர் காதர் பாய் உள்ளே எட்டிப் பார்த்தார். "அவுரா? பூஜைக்கு லேட்டா வந்தாரு சார். காணை கெணத்துல ஒண்ணு வெடிக்கலன்னு பேஜாரா சொல்லிக்கினு இருந்தாரு. இன்னைக்கு அத்தத் தேடத்தான் போயிருக்காரு."

சார் பையைக் கீழே வைத்தார். அலமாரியிலிருந்த மாற்று விளக்கை எடுத்து அதன் முதுகில் கை வைத்தார். பிறகு என்னிடம் நீட்டினார். நானும் வைத்துப் பார்த்தேன். அது மாற்று விளக்கு என்பதால் பூஜையில் வைக்கப்படாமல் மின்சாரத்திலேயே இருந்தது. இளஞ்சூடாக இருந்தது.

"வாம்மா," என்றார். "காதர் பாய், கொஞ்சம் சீக்கிரம்."

"ஏறுங்க சார், ஜல்தியா போயிடலாம்."

காணைக்குப் போகும் வழியில் இருபுறமும் கரும்பு. எதிரே கரும்பு ஏற்றிய மாட்டுவண்டிகள். காதர் பாய் ஒலிப்பானிலிருந்து கையை எடுக்கவில்லை. நான் விளக்கை மடியில் வைத்துக்கொண்டு அந்தச் சூட்டை உள்ளங்கையால் பொத்திக்கொண்டே போனேன். வெடிக்காத தோட்டாவைத் தேடும் ஆளுக்குக் கண்தான் முக்கியம். இடிந்து கிடக்கும் கற்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும். எந்தக் கல்லுக்குப் பின்னால் திரி இருக்கிறது, எது வேர், எது கயிறு என்று பார்க்க வேண்டும். தெரியாமல் ஒரு கல்லை இழுத்தால் போதும்.

கிணற்று மேட்டில் கூட்டமாக இருந்தது. கிணற்றுக்காரர் குந்தி உட்கார்ந்து பெட்ரோமாக்ஸ் விளக்குக்குப் பம்ப் அடித்துக்கொண்டிருந்தார். அது சீறிக்கொண்டு எரிந்தது. மேலே நின்று வேலை செய்பவன் என்பதால் தனக்கென விளக்கு இல்லாத, பலராமனின் உதவியாள் ஏழுமலை அவர் கையைப் பிடித்துத் தடுத்துக்கொண்டிருந்தான்.

"வுடுடா கைய! ஒரு ஆளு இருட்டுல குந்திக்கினு இருக்கான், நான் வேடிக்க பாத்துக்கினு இருக்கவா? எங் கெணறுடா இது!"

கீழேயிருந்து, குடைவுக்குள்ளிருந்து, பலராமனின் குரல் கிணறு முழுக்க மோதிக்கொண்டு வந்தது. "யோவ்! நெருப்ப எடுத்துக்கினு வராதய்யா! ஏழுமல, அந்தாளு கைய ஒடச்சாவது புடிடா!"

காதர் பாய் ஒரே பாய்ச்சலில் போய் பெட்ரோமாக்ஸைப் பிடுங்கி, தூரக் கொண்டுபோய் அணைத்தார். சார் கிணற்று விளிம்பில் மண்டியிட்டார்.

"பலராமா, வெளியே வந்துடு. வாசல் வெளிச்சம் தெரியுதில்ல?"

"வாச தெரியுது சார். வர மாட்டேன்."

"ஏன்?"

"குழியக் கண்டுபுடிச்சிட்டேன். அப்பதான் எசமானி செவந்தா, அப்பிடியே அணைஞ்சு பூட்டா. இப்ப குழி மேல கை வச்சிக்கினு இருக்கேன். மேல இருந்து தூளு சரிஞ்சிக்கினே இருக்கு. கைய எடுத்தா மூடிக்கும். அப்பறம் எவன் சார் தேடுறது? எவன் தலையிலயாவது வெடிக்கும்."

எவ்வளவு நேரமாக அப்படி இருந்தார் என்று அங்கே யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. காலையிலிருந்தே என்றார் ஒருவர். இல்லை, கொஞ்ச நேரம்தான் என்றார் இன்னொருவர்.

சார் விளக்கை ஏழுமலையிடம் கொடுத்தார். அவன் கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகாதவன். விளக்கைப் போட்டான், அணைத்தான், மறுபடி போட்டான்.

"இது நிக்குமா சார்?"

சார் என்னைப் பார்த்தார். ஏழுமலையும் என்னைப் பார்த்தான். வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லி அவனை அனுப்ப எனக்கு வாய் வரவில்லை. அவன் கையைப் பிடித்து பேட்டரியின் முதுகில் வைத்தேன். "சூடு இருக்குது பாருங்க," என்றேன். அவன் கை சில்லென்று இருந்தது. தலையை ஆட்டிவிட்டு, இரும்பேணியில் இறங்கினான்.

அவன் குடைவுக்குள் நுழைந்த பிறகு கிணற்றில் ஒன்றும் தெரியவில்லை. கற்கள் நகரும் சத்தம் மட்டும் கேட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். மனதுக்குள் ஜெபம் சொல்லத் தொடங்கி, பாதியில் மறந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். பக்கத்தில் கிணற்றுக்காரர் வாயில் துண்டை வைத்துக்கொண்டு அழுதார். அவர் நல்லது செய்யத்தான் நினைத்தார்.

கடைசியில் பலராமனின் குரல் கேட்டது. "ஏய், சுண்ணாம்பு டப்பா எடுத்தாந்தியா? இல்லையா? வெறுங்கையோட வந்து நிக்கிறான் பாரு, மாப்பிள்ளை!"

மேலே நின்ற எல்லாரும் சிரித்துவிட்டோம். சுண்ணாம்பைக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். குழியைச் சுற்றிச் சரிந்த தூளை ஒதுக்கி, வெள்ளையாக வட்டம் போட்டு அடையாளம் வைத்துவிட்டு இருவரும் ஏறி வந்தார்கள். அன்று சாயங்காலம், தள்ளி வேறு குழி போட்டு இரண்டையும் சேர்த்து வெடித்தார்கள். பலராமன் அதற்குப் போகவில்லை. அவருடைய வலது கையின் விரல்கள் விரியவில்லை. ஏழுமலை வெந்நீர் ஊற்றி ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டான்.

கை விரிந்த பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி, "என் எசமானிக்கு இன்னா ஆச்சு?"

சார் கைக்குட்டையை எடுத்தார். விளக்கின் நெற்றியைத் துடைத்தார். சந்தனம் உதிர்ந்து, அடியில் பித்தளைப் புள்ளி தெரிந்தது. பலராமன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் வச்ச பொட்டா?"

"பொட்டு இல்ல. எடம்," என்றார் சார். "அத நாங்கதான் உனக்குச் சொல்லியிருக்கணும்."

அதன் பிறகு இரண்டு மாறுதல்கள் வந்தன. வெடி ஆள் ஒவ்வொருவரும் இரண்டு விளக்கோடுதான் இறங்க வேண்டும் என்றார் சார். புது விளக்கு கிடையாது என்றது அலுவலகம். வயதாகிவிட்டது என்று கழித்த பேட்டரிகளை அவர் திரும்ப எடுத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு தாங்கும் என்று எரியவிட்டுப் பார்த்தார். குடைவிலிருந்து ஏறி வருவதற்குப் போதுமான நேரம் தாங்கியவற்றை இரண்டாவது விளக்காக்கினார். அடுத்த பூஜையில் அவர் ஊருக்குப் போகவில்லை. எல்லார் முன்னாலும் பலராமனிடம், பொட்டை எங்கே வைக்கலாம் என்று நீயே சொல்லு என்றார். பலராமன் யோசித்தார். "இடுப்புல வைக்க மாட்டேன் சார்," என்றார். பிறகு தலைக்கவசத்தின் முன்பக்கத்தில், விளக்கு மாட்டும் கொக்கிக்கு மேலே வைத்தார். அதுவும் நெற்றிதான். நான் ஓய்வு பெறும்வரை அங்கேதான் வைத்தார்கள்.

சேவியர் அனுப்பிய படத்தில் பொட்டு தலைக்கவசத்தில் இல்லை, விளக்கில் இருந்தது. சேவியரை அழைத்தேன். பின்னால் இயந்திரச் சத்தம்.

"படத்துல லைட்டுக்கெல்லாம் பொட்டு வச்சிருக்காங்களே, அதுல சார்ஜ் ஏத்துற எடம் எதுப்பா?"

"எதுக்கும்மா?"

"கேட்டதுக்குச் சொல்லுடா."

"முன்னாடிதாம்மா. கிளாஸுக்கு மேல சின்னதா ரெண்டு புள்ளி இருக்கும், அதுல சார்ஜர் வயர் காந்தம் மாதிரி வந்து ஒட்டிக்கும்." படத்தைத் திறந்து பார்த்திருப்பான் போல. "அம்மா, அது மேலதான் வச்சிருக்காங்க."

"நீ பாத்துக்கினுதானே இருந்த? சொல்ல வேண்டியதுதானே?"

"அவங்க சாமி கும்புடுறாங்க. நான் போய் அங்க வைக்காத இங்க வைக்காதன்னு எப்பிடிம்மா சொல்றது?"

என்னால் அவனைக் கோபித்துக்கொள்ள முடியவில்லை.

சாயங்காலம் அவனே கூப்பிட்டான். ஆட்களிடம் சொல்லிவிட்டானாம். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லையாம். எல்லாரும் சேர்ந்து துடைத்து, பொட்டைத் தலைக்கவசத்துக்கு மாற்றினார்களாம். இரண்டாவது விளக்கு ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வதாகவும் சொன்னான். எனக்கு மூச்சு வந்தது.

"இறங்கறதுக்கு முன்னாடி பேட்டரி மேல கை வச்சுப் பாரு. இளஞ்சூடா இருக்கணும்."

"ஐயோ அம்மா, இது லித்தியம் பேட்டரி. சும்மா இருக்கும்போது சூடா இருந்தாத்தான் பயப்படணும். வீங்கும், சமயத்துல தீயே புடிக்கும். ஜில்லுனு இருந்தாத்தான் நல்லது. நீ தூங்கு."

அழைப்பைத் துண்டித்துவிட்டான். என் போன் சார்ஜில் இருந்தது. அதன் முதுகில் உள்ளங்கையை வைத்தேன். இளஞ்சூடாக இருந்தது. உடனே வயரைப் பிடுங்கினேன். ராத்திரி அவன் கூப்பிட்டால் என்ன செய்வது என்று, திரும்பவும் செருகினேன்.